மகள் வீட்டுக்கு மூன்று மாதம்: பெட்டியில் எத்தனை உருண்டை நூல் வைப்பது?

முதல் தடவை ஜெர்மனிக்குக் கிளம்பியபோது என் பெட்டியில் 9 உருண்டை உல்லன் நூல் இருந்தது. சால்வைக்கென்று வாங்கியது தனி. சாம்பார் பொடி, வடகம், பூண்டு ஊறுகாய் எல்லாவற்றையும் எடை போட்டுப் போட்டு வெளியே எடுத்து வைத்த நான், நூலில் மட்டும் கை வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் குன்னூர் திரும்பியபோது அதில் 7 உருண்டை, காகிதப் பட்டைகூடக் கழற்றாமல் என்னோடு திரும்பி வந்தது. அதிலும் நான் போய் இறங்கியது ட்யூபிங்கன். சாக்ஸ் நூலுக்குப் பேர்போன ஓபல் கம்பெனி இருக்கும் ஹெக்கிங்கன் அங்கிருந்து ரயிலில் அரை மணிக்கும் குறைவு. கொல்லன் தெருவுக்கு ஊசி சுமந்த கதை என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த தடவை போனது மகளின் பேறுகாலத்துக்கு. அப்போது கணக்குப் போட்டுக் கிளம்பினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்தவர்களுக்கு இது போதும். ஊசி பிடிக்கவே தெரியாதவர்கள் முதலில் ஒரு மஃப்ளர் பின்னிவிட்டு வாருங்கள்.

முதலில் மணிக்கணக்கு, பிறகு நூல் கணக்கு

என்னவெல்லாம் பின்ன ஆசை என்று பட்டியல் போடுவதில்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு சாக்ஸில் எத்தனை கண்ணி இருக்கும்? வழக்கமான சாக்ஸ் நூலை 2.5 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு 30 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 42 வரி வரும். சுற்றுக்கு 64 கண்ணி போட்டு, நடுத்தரப் பெண் பாதத்துக்கு ஒரு சாக்ஸை மேல்விளிம்பு முதல் விரல்நுனி வரை பின்னினால் ஏறத்தாழ 10,000 கண்ணி ஆகும். ஜோடிக்கு 20,000. நான் நிமிடத்துக்கு 25 கண்ணி போடுவேன். அப்படியென்றால் 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் வேகம் தெரிய வேண்டுமா? மொபைலில் 5 நிமிடம் அலாரம் வைத்துவிட்டு, சீரியல் பார்த்துக்கொண்டே பின்னி எண்ணுங்கள். கவனமாக உட்கார்ந்து பின்னினால் வரும் வேகம் பயணத்தில் ஒருநாளும் வராது.

இனி நாள் கணக்கு. ஷெங்கன் விசிட்டர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் அதில் சேர்த்தி. பிரசவத்துக்கு முந்தைய 3 வாரம் தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்தால் 21 மணி. பிரசவத்துக்குப் பிறகு பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளியல், துணி மடிப்பு என்று போய்விடும். மிஞ்சினால் தினம் கால் மணி, 69 நாளைக்கு 17 மணி. போகவர விமானம், ரயில், காத்திருப்பு எல்லாம் சேர்த்து உருப்படியாகப் பின்னும் நேரம் 8 மணி. மொத்தம் 46 மணி நேரம். மூன்றே மூன்று ஜோடி, அதுவும் ஒன்றும் பிரிக்காமல் பின்னினால். எனவே நான் முடிவு செய்தது மகளுக்கு ஒரு ஜோடி, மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி, மிச்ச நூலில் குழந்தைக்கு. சால்வை ரத்து.

பெண் அளவு ஜோடிக்கு 65 முதல் 70 கிராம் நூல் போகும், ஆண் அளவுக்கு 85 முதல் 90. உருண்டை 100 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு உருண்டை, தைரியமாக வைக்கலாம். மகளின் உருண்டையில் மிஞ்சும் 30 கிராமில் பச்சைக் குழந்தைக்கு இரண்டு ஜோடியே பின்னலாம்.

அளவு

வாட்ஸப்பில் பாதத்தின் படம் அனுப்பச் சொல்லி ஏமாறாதீர்கள். படத்தில் அளவு தெரியாது. ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள்.

"அம்மா, அவருக்குப் பாதம் இருபத்தேழரை சென்டிமீட்டர். போதுமா?"

"சுற்றளவு எவ்வளவுடி?"

"அதையெல்லாமா அளப்பாங்க?"

அளந்துதான் ஆக வேண்டும். விரல்கள் ஆரம்பிக்கும் இடத்தில், பாதத்தின் அகலமான பகுதியைச் சுற்றி டேப் வைக்க வேண்டும். வரும் அளவில் பத்தில் ஒரு பங்கு கழித்தால் அதுதான் சாக்ஸின் சுற்றளவு. 23 செ.மீ. பாதத்துக்கு 21 செ.மீ. சாக்ஸ், அதாவது 64 கண்ணி. மாப்பிள்ளை மாதிரி 43 சைஸ் ஷூ போடுபவருக்கு 72 கண்ணி. நீளத்தில் அரை முதல் ஒரு செ.மீ. குறைவாக இருந்தால்தான் காலில் சுருங்காமல் நிற்கும்.

கர்ப்பிணிக்கு ஒரு விஷயம் தனி. கடைசி மாதங்களில் கால் வீங்கும். அந்த அளவுக்குப் பின்னினால் பிறகு தொளதொளக்கும், பழைய அளவுக்குப் பின்னினால் இப்போது இறுக்கும். அகலத்தை மாற்றாமல், மேல்விளிம்பை மட்டும் தளர்வாக விட்டேன். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிட்டால் விளிம்பு நன்றாக இழுபடும். கணுக்காலில் தடம் விழாது.

நூல் பட்டையைப் படிப்பது

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஸ்வெட்டருக்குப் போதும், சாக்ஸுக்கு வேண்டாம். வேர்வையை உறிஞ்சாது. தேட வேண்டியது 75 சதம் கம்பளி, 25 சதம் நைலான் கலந்த நூல். நைலான் இல்லாத சுத்தக் கம்பளி கையில் எடுக்க ஆசையாக இருக்கும், ஆனால் குதிகாலில் சீக்கிரமே ஓட்டை விழும்.

ஜெர்மன் கடையில் நின்றால் பட்டையில் "ஷூர்வொல்லெ" என்று இருப்பது கம்பளி, "போலியமிட்" என்பது நைலான், "லாஉஃப்லெங்கெ" என்பது நூலின் நீளம், "நாடல்ஷ்டெர்கெ" என்பது ஊசி அளவு. "ஃபியர்ஃபாக்" என்றால் நான்கு இழை. 100 கிராமில் 420 மீட்டர் அல்லது அதை ஒட்டி இருந்தால் சரியான நூல். "ஸெக்ஸ்ஃபாக்" ஆறு இழை, தடிமன். சீக்கிரம் முடியும், ஆனால் ஷூவுக்குள் நுழையாது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

பயணத்துக்கு ஒரே ஒரு உருண்டை எடுத்துப் போங்கள், மீதியை அங்கே வாங்கலாம். இலையுதிர் காலத்தில் அங்கே சூப்பர் மார்க்கெட்டில்கூடச் சாக்ஸ் நூல் தொங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சட்டப்படியே மூடியிருக்கும். ஒரு சனிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை சாக்ஸின் விரல்பகுதியில் நூல் தீர்ந்து, ஞாயிறு முழுக்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே மழை பார்த்தேன்.

ஊசியும் செக்யூரிட்டியும்

ஐந்து இருமுனை ஊசியில் பின்னிப் பழகியவள் நான். ஆனால் பயணத்துக்கு வட்ட ஊசிதான். இருமுனை ஊசி ஒன்று விமான சீட்டுக்கடியில் உருண்டால் பக்கத்து ஆளை எழுப்ப வேண்டியிருக்கும். ஒரு சாக்ஸுக்கு, நீளமான கேபிள் உள்ள, 80 செ.மீ. வட்ட ஊசி ஒன்று போதும். கண்ணிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்து, நடுவே கேபிளை ஒரு வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் முறை அது. அரை மணியில் பழகிவிடும்.

ஒரு விமான நிலையத்தில் என் ஸ்டீல் இருமுனை ஊசிகளை ஸ்கேனரில் பார்த்துவிட்டு ஓர் இளம்பெண் அதிகாரி என்னை ஓரமாக நிறுத்தினாள். "சாக்ஸ் பின்னறேம்மா" என்று அரைகுறை சாக்ஸைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, குதிகாலைத் தடவிப் பார்த்து, "எங்க பாட்டியும் போடுவாங்க" என்றாள். பிறகு ஊசிகளைத் தட்டில் போடச் சொல்லிவிட்டாள். 64 கண்ணியும் அநாதையாக நின்றது. அன்று என்னைக் காப்பாற்றியது பர்ஸில் இருந்த மொட்டை பிளாஸ்டிக் ஊசியும் ஒரு முழம் பருத்தி நூலும். கண்ணிகளுக்குள் அதைக் கோத்து எடுத்து, ஊசியை உருவிக் கொடுத்தேன்.

எனவே கைப்பையில் மூங்கில் அல்லது மரத்தாலான வட்ட ஊசி இரண்டு, சாக்ஸுக்கு ஒன்றாக, மொட்டை பிளாஸ்டிக் ஊசி, பருத்தி நூல், நாலு சேஃப்டி பின். இதே அளவில் இன்னொரு ஊசியைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கத்தரிக்குப் பதில் நகவெட்டி. அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்பைப் பார்க்கும் டி.எஸ்.ஏ. பின்னல் ஊசியைக் கைப்பையில் அனுமதிக்கிறது. ஆனால் உள்ளே பிளேடு மறைந்திருக்கும் வட்ட நூல்வெட்டியை அனுமதிப்பதில்லை. எந்த ஊரிலும் கடைசி வார்த்தை அங்கே நிற்கும் அதிகாரியுடையது. கிளம்பும் முன் போகிற, மாறுகிற விமான நிலையங்களின் விதியைப் பாருங்கள். வாதாடாதீர்கள்.

பெட்டியில் வைக்கும் மாற்று ஊசியும் அதே மரமாக, அதே கம்பெனியாக இருக்கட்டும். மகளின் முதல் சாக்ஸை மூங்கிலில் பின்னி, இரண்டாவதை வழவழப்பான ஸ்டீலில் பின்னினேன். அளவு இரண்டிலும் 2.5 தான். ஆனால் ஸ்டீலில் கை தளர்ந்து, இரண்டாவது சாக்ஸ் ஒரு விரல்கடை நீண்டுவிட்டது. கணுக்கால் வரை பிரித்தேன்.

எந்தக் கட்டத்தை எங்கே பின்னுவது

நூலை விட முக்கியம் இதுதான். ஒரு சாக்ஸ் முழுக்க ஒரே மாதிரி வேலை அல்ல. கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்க்கும்போது எண்ண வேண்டும், முறுக்கிக்கொள்ளக் கூடாது. கணுக்கால் குழாய் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். குதிகாலுக்கு மேஜையும் வெளிச்சமும் அமைதியும் வேண்டும். பாதம் மறுபடி சும்மா ஓட்டம். விரல்நுனி மூடும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இரண்டு சாக்ஸுக்கும் கண்ணி ஏற்றி, ரிப் பகுதியை முடித்துவிடுங்கள். இரண்டு வட்ட ஊசி, இரண்டு சின்ன உருண்டை. சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பத்து மணி நேரம் பறக்க வேண்டும். அதில் நிட் மட்டுமே ஓடட்டும். ஒரு கால் முடிந்தால் அடுத்த காலின் குழாயை எடுங்கள். இரண்டு குழாயும் முடிந்த நிலையில் மகள் வீட்டில் இறங்கி, ஜெட்லாக் தெளிந்த ஒரு காலையில் இரண்டு குதிகாலையும் அடுத்தடுத்துத் திருப்புங்கள். இரண்டாவது குதிகால் முதலாவதைப் பார்த்தே வந்துவிடும். ஒற்றை சாக்ஸோடு ஆர்வம் செத்துப்போகும் வியாதிக்கும் இதுதான் மருந்து.

டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைக்குப் பாதப் பகுதி. பேறுகால வார்டுக்கு ஒன்றும் வேண்டாம். நான் எடுத்துப் போனேன். 11 மணி நேரத்தில் ஒரு வரி.

வரி வரியாக நிறம் மாறும் நூல் என்றால், முதல் சாக்ஸை எந்த நிறம் எந்த நிறமாக மாறும் இடத்தில் ஆரம்பித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டாவதற்கு அந்த இடம் வரும் வரை நூலை வெளியே இழுத்துவிட்டு ஆரம்பித்தால் ஜோடி ஒத்துப்போகும்.

64 கண்ணி சாக்ஸ்

கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்த்து, 2 நிட், 2 பர்ல் என்று 4 செ.மீ. ரிப். பிறகு மொத்த உயரம் 15 செ.மீ. ஆகும் வரை நிட்.

குதிகால் மடல். பாதிக் கண்ணி, அதாவது 32, மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். மற்ற 32 சும்மா இருக்கட்டும். நேர்ப்பக்கத்தில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டு, அடுத்ததை நிட், இப்படியே கடைசி வரை. மறுபக்கத்தில் முதல் கண்ணியை நழுவவிட்டு மீதியெல்லாம் பர்ல். மொத்தம் 32 வரி. நழுவவிட்ட கண்ணிகள் பின்னால் நூலை இரட்டிப்பதால் குதிகால் தடித்து உழைக்கும். மடலின் இரு ஓரத்திலும் சங்கிலி மாதிரி 16 கண்ணி தெரியும். அதை எண்ணினால் வரியை எண்ண வேண்டாம்.

குதிகால் திருப்பம். இதைப் படிக்கும்போது புரியாது, பின்னினால் புரியும். நேர்ப்பக்கம்: 18 நிட், அடுத்த இரண்டைச் சாய்த்துச் சேர்த்து ஒன்றாக்கி, 1 நிட், திருப்பு. சாய்த்துச் சேர்ப்பது என்றால் இரண்டு கண்ணியையும் நிட் போடுவதுபோல் ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு நழுவவிட்டு, பின்பக்க வழியாக இரண்டையும் ஒன்றாகப் பின்னுவது. மறுபக்கம்: 1 நழுவல், 5 பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், 1 பர்ல், திருப்பு. இப்போது நடுவில் ஒரு சின்ன மேடை, இரு பக்கமும் ஓர் இடைவெளி தெரியும். இனி ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியை நழுவவிட்டு, இடைவெளிக்கு முந்தைய கண்ணி வரை பின்னி, அந்தக் கண்ணியையும் இடைவெளிக்கு அப்பால் உள்ளதையும் சேர்த்து ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னித் திருப்ப வேண்டும். கடைசி இரண்டு வரியில் சேர்த்த பிறகு பின்ன ஒன்றும் மிஞ்சாது. 18 கண்ணி நிற்கும். கையில் சின்னக் கிண்ணம் ஒன்று முளைத்திருக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இடம் எனக்கு அதிசயம்தான்.

மடலின் ஒரு ஓரத்தில் 16 கண்ணி எடுத்து, மூலையில் ஓட்டை விழாமல் ஒன்று கூடுதலாக எடுங்கள். சும்மா இருந்த 32 மேல்கண்ணிகளைப் பின்னி, மறு ஓரத்திலும் 17. மொத்தம் 84. இனி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, மேல்பகுதிக்குச் சற்று முன்னால் இரண்டைச் சேர்த்து 1 நிட், மேல்பகுதி முடிந்ததும் 1 நிட், இரண்டைச் சாய்த்துச் சேர். 10 தடவை செய்தால் பழைய 64 வந்துவிடும்.

பாதம், முழு நீளத்துக்கு 5 செ.மீ. குறைவாக இருக்கும்வரை. விரல்பகுதியில் மேலும் கீழும் 32, 32 ஆகப் பிரித்து, ஒவ்வொரு பாதியின் தொடக்கத்தில் 1 நிட், சாய்த்துச் சேர், கடைசியில் சேர், 1 நிட். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று 8 தடவை, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 4 தடவை. 16 கண்ணி மிஞ்சும், எட்டுக்கு எட்டு. இரண்டையும் தையலூசியால் இணைப்பதற்கு முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன் ஊசியின் முதல் கண்ணியில் பர்ல்போல், பின் ஊசியின் முதல் கண்ணியில் நிட்போல் ஊசியை விட்டுத் தயாராக்கிக்கொள்ளுங்கள். பிறகு வாய்ப்பாடு: முன்னால் நிட் கழற்று, பர்ல் விடு, பின்னால் பர்ல் கழற்று, நிட் விடு. நடுவில் யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

ஜெர்மன் பெண்கள் பலர் மடலே இல்லாமல் பூமராங் குதிகால் போடுகிறார்கள். அழகாக, வேகமாக வரும். ஆனால் நம் ஆட்களின் உயர்ந்த புறங்காலுக்கு மடல்தான் தோது என்பது என் கட்சி.

குழந்தைக்கு

பிறப்பதற்கு முன் குழந்தைக்கென்று எதுவும் செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சம்பந்தியம்மாவும் ஃபோனில் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். நல்லதாகப் போயிற்று. பிறந்த பிறகு கிடைக்கும் கால் மணித் துண்டுகளுக்கு அளவான வேலை அது ஒன்றுதான்.

சின்னப் பாதத்துக்குக் குதிகாலே வேண்டாம். 36 கண்ணி ஏற்றி, கொஞ்சம் ரிப் பின்னி, 3 நிட், 3 பர்ல் என்று ஆரம்பித்து, 4 சுற்றுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரு கண்ணி நகர்த்திக்கொண்டே போனால் முறுக்கு மாதிரிச் சுருண்டு வரும். 13 செ.மீ. போனதும் விரல்நுனிபோலக் குறைத்து மூடிவிடலாம். உதைத்தாலும் கழலாது, கால் வளர வளர இடம் கொடுக்கும். உள்பக்கம் ஒரு நூல்கூடத் தொங்காமல் மறைத்துக் கோத்துவிடுங்கள். இழை விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும். அங்கே பிரசவத்துக்குப் பிறகு மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். அவர் வந்ததும் செய்தது, குழந்தையின் சாக்ஸை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்ததுதான்.

துவைப்பதற்கு மெஷினில் கம்பளிக்கான புரோகிராம் போதும். டிரையரில் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நேரிலும் சொல்லி, மெஷின் மேல் எழுதியும் ஒட்டினேன்.

கிளம்புகிற வாரம் ஒவ்வொரு ஜோடியின் மிச்ச நூலிலும் சில மீட்டரை ஒரு அட்டைத்துண்டில் சுற்றி, யாருடையது, எத்தனை கண்ணி, எந்த ஊசி என்று எழுதி மகளின் துணி அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். குதிகால் தேய்ந்து மெலியும்போதே, ஓட்டை விழும் முன்பே, அந்த நூலால் மேலோட்டமாகக் கோத்துவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும். என் மகள் கோக்க மாட்டாள். அட்டையும் சாக்ஸும் சேர்ந்தே எனக்குப் பார்சலில் வரும்.